கணினி கண்விழிக்கும் நேரம்



ஈராண்டுகளுக்கு முன்னர் ஓர் அலுவலாகக் கிழக்கு மாகாணத்துக் கிராமமொன்றிலுள்ள பாடசாலைக்குச் சென்றிருந்தேன். அதிபர் அன்போடு வரவேற்றுத் தேநீர் தந்தபின், பாடசாலையின் பெருமைக்குரிய பகுதி என்று சொல்லிக் கணினி அறையைக் காட்ட அழைத்துச் சென்றார். அவ்வேளை பத்தாம் வகுப்பு மாணவர் வரிசையாக வந்து அமர்ந்தனர். ஆசிரியை சொன்னதும் பன்னிரண்டு கணினிகளின் பொத்தான்களும் ஒருங்கே அழுத்தப்பட்டன. அதன்பின் ஒன்றும் நிகழவில்லை. பிள்ளைகள் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தனர். ஒரு பையன், திரையில் சுழன்றுகொண்டிருந்த புள்ளிகளின் வட்டத்தைத் தன் கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தான். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முதற்கணினி கண்விழிக்க ஆறு நிமிடங்கள் சென்றன. கடைசிக் கணினிக்கு ஒன்பது நிமிடங்கள். பாடவேளையோ 40 நிமிடங்கள். "பழகிவிட்டது சேர், இந்த நேரத்தில் போன பாடத்தை வாயால் திருப்பிச் சொல்லிவிடுவேன்" என்றார் ஆசிரியை. அவர் குறைகூறும் பாவனையில் அதைச் சொல்லவில்லை. அதுவே என் மனத்தை உறுத்திற்று.

கணினி பழுதடைந்தால் நாம் அதைத் திருத்த ஆள் தேடுகிறோம். அது மெத்தனமாக விழிக்குமானால் நாம் நம்மையே அதற்குத் திருத்திக்கொள்கிறோம். பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போடச் செல்வோர், முகங்கழுவச் செல்வோர், பத்திரிகையை விரிப்போர் நம்மிடையே எத்தனை பேர்! அந்தக் காத்திருப்பு ஏன் ஏற்படுகிறது என்பதையும், அதில் எவ்வளவைக் குறைக்கலாம் என்பதையுமே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

முதலில், கணினி விழிக்கும்போது என்னதான் செய்கிறது? அதன் வேலை நினைவகம், மின்சாரம் உள்ளவரையில் மட்டுமே எதையும் நினைவில் வைத்திருக்கும். மின்சாரம் நின்ற கணமே அது வெற்றுப் பலகையாகிவிடுகிறது. ஆகையால் ஒவ்வொரு காலையிலும் கணினி தான் ஒரு கணினி என்பதையே அறியாத நிலையில் எழுகிறது. அதன் தாய்ப்பலகையில், மின்சாரம் போனாலும் மறவாத ஒரு சிறு சில்லு உண்டு. அதிலுள்ள சின்னஞ்சிறு நிரல் விழித்து, நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று தன் அங்கங்களைத் தடவிப் பார்க்கிறது. பின்பு வட்டைத் தேடி, அதன் குறித்த ஓரிடத்திலிருந்து இன்னொரு சிறு நிரலை எடுத்து வருகிறது. அந்த நிரல் சற்றுப் பெரிய ஒன்றை எடுத்து வருகிறது. அது பணிசெயல் முறைமையின் கருவை எழுப்புகிறது. அக்கரு மற்ற யாவரையும் எழுப்புகிறது. தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்வழக்கு உண்டு. கணினி தொடங்குவதை 'பூட்' என்று சொல்வது அதிலிருந்து பிறந்ததே.

விடியற்காலையில் கோயில் திறப்பதை இதற்கு ஒப்பிடலாம். திறப்பு வைத்திருப்பவர் வந்து வாயிற்கதவைத் திறந்தாலன்றி வேறெவரும் உள்ளே செல்ல முடியாது. தண்ணீர் வந்தாலன்றி அபிஷேகம் இல்லை. ஆனால் முற்றம் கூட்டுபவரும் பூப்பறிப்பவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய பணிசெயல் முறைமைகள் பலவற்றில் கூட்டுபவர் முடிக்கும்வரை பூப்பறிப்பவர் வாசலில் நின்றார். 2010 ஆம் ஆண்டில் லினக்ஸ் உலகில் அறிமுகமான 'சிஸ்டம்-டி' என்னும் ஏற்பாடு, ஒருங்கே செய்யக்கூடியவற்றை ஒருங்கே தொடங்கிவிடுவதைத் தன் முக்கிய நோக்கங்களில் ஒன்றாகக் கொண்டது. எந்தப் பணியாள் எத்தனை விநாடி எடுத்தார் என்று பட்டியலிட்டுக் காட்டும் கட்டளையும் அதில் உண்டு. அக்கட்டளையின் பெயரில் 'பழி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே வைத்திருக்கிறார்கள்!

இனி, தாமதத்தின் வேருக்கு வருவோம். அப்பாடசாலையின் கணினிகளில் இருந்தவை பழைய வகை வன்தட்டுகள், அதாவது ஹாட் டிஸ்க்குகள். ஒரு வன்தட்டினுள்ளே காந்தப்பூச்சுப் பூசிய தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின்மேல் ஒரு கை அங்குமிங்கும் அசைந்து தகவலைப் படிக்கிறது. இவ்வகைச் சாதனத்தை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது ஐ.பி.எம். நிறுவனம், 1956 ஆம் ஆண்டில். அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றன. அத்தனை தட்டுகளிலும் சேர்த்து 50 இலட்சம் எழுத்துகளை வைக்கலாம். இன்று சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் வன்தட்டு அதைப்போல இலட்சக்கணக்கான மடங்கு கொள்ளும். ஆனால் அது சுழலும் வேகமோ மடிக்கணினியில் நிமிடத்துக்கு 5400, மேசைக் கணினியில் பெரும்பாலும் 7200. கொள்ளளவு இலட்சக்கணக்கான மடங்கு பெருகிய காலத்தில் சுழற்சி ஆறு மடங்கே பெருகிற்று. களஞ்சியம் மலைபோல் வளர்ந்தும், நெல்லெடுத்துக் கொடுக்கும் ஆள் பழைய ஆளாகவே இருக்கிறார்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் படிக்கும் கையின் கீழ் வந்துசேரச் சராசரி அரைச் சுற்று. கை உரிய இடத்துக்கு நகர ஏறத்தாழ 10 மில்லி விநாடி. ஆக, ஒரு துண்டுத் தகவலை எடுக்க 15 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். இது கண்ணிமைப்பதிலும் குறைந்த நேரந்தான். ஆயினும், வட்டின் மூலைமுடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும் பத்தாயிரம் துண்டுகளை எடுக்க வேண்டுமானால் அது 150 விநாடி, அதாவது இரண்டரை நிமிடம். எஸ்.எஸ்.டி. என்று கடைகளில் வழங்கும் புதுவகைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை, அசையும் கையும் இல்லை. அங்கே ஒரு துண்டை எடுக்க மில்லி விநாடியில் பத்திலொரு பங்கு போதும். அதே பத்தாயிரம் துண்டுகள் ஒரு விநாடியில் வந்துசேரும். மெத்தனமான கணினிக்கு மருந்து யாது என்று என்னைக் கேட்போருக்கு நான் முதலில் சொல்வது இதனையே. புதிய கணினி வாங்க வேண்டாம். பழைய கணினியின் வன்தட்டைக் கழற்றி, அவ்விடத்தில் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துங்கள். பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அதே இடத்தில் அதே இணைப்பில் அது அமர்ந்துகொள்ளும்.

நினைவகத்தைப் பற்றியும் ஒரு சொல். நினைவகம் போதாதபோது கணினி தன் சுமையில் ஒரு பகுதியை வட்டில் இறக்கிவைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. வட்டோ ஏற்கெனவே மூச்சுவாங்குகிறது. 4 கிகாபைட் நினைவகமுள்ள கணினியை 8 ஆக உயர்த்துவது, விழித்தபின் அது தள்ளாடாமல் நடக்க உதவும்.

பணம் செலவிடாமல் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நாம் ஒரு மென்பொருளை நிறுவும்போது, அது நம்மைக் கேளாமலே, காலையில் கணினியோடு தானும் எழுந்துவிட ஏற்பாடு செய்துகொள்வதுண்டு. அச்சுப்பொறியோடு வந்த ஒன்று, பாட்டுக் கேட்க நிறுவிய ஒன்று, தொலைபேசியை இணைக்க ஒருமுறை மட்டும் பயன்படுத்திய ஒன்று என்று அழையா விருந்தினர் பலர் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பர். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மனேஜர் என்னும் பலகை திறக்கும். அதில் ஸ்டாட்டப் என்ற பகுதியில் இவ்விருந்தினரின் பெயர்களும், ஒவ்வொருவரும் எவ்வளவு தாமதம் விளைவிக்கிறார் என்ற குறிப்பும் இருக்கும். வேண்டாதவரைத் தெரிந்து நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அம்மென்பொருள் அழிந்துபோகாது. நாம் அழைக்கும்போது வரும். அவ்வளவே. வைரஸ் தடுப்பு மென்பொருளில் மட்டும் கைவைக்க வேண்டாம். ஆனால் அதிலே இரண்டை ஒரே கணினியில் வைத்திருப்பவர் ஒன்றை நீக்கிவிடட்டும். ஒரு வாசலுக்கு இரண்டு காவலர் நின்று, வருவோரை இருவரும் சோதிப்பதால் பாதுகாப்பு இரட்டிப்பதில்லை, வரிசைதான் நீள்கிறது.

இதே விஷயத்தில் 2008 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவில் நடந்த லினக்ஸ் பொறியியலாளர் மாநாடொன்றில் ஒரு காட்சி நிகழ்ந்தது. இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்யன் வான் டி வென், அவுக்க கொக் என்னும் இருவர், ஏசூஸ் ஈ பீசி என்ற மலிவான சிறு கணினியொன்றை ஐந்து விநாடியில் விழிக்கச் செய்து காட்டினர். அதில் எஸ்.எஸ்.டி. இருந்தது உண்மையே. ஆயினும், அவர்கள் கையாண்ட முறையே என்னைக் கவர்ந்தது. இருக்கும் தாமதத்தை எப்படிக் குறைக்கலாம் என்று அவர்கள் தொடங்கவில்லை. இருப்பது ஐந்து விநாடி. கருவுக்கு ஒன்று, ஆரம்பப் பணிகளுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, மேசைத்தளத்துக்கு இரண்டு என்று முதலிலேயே பங்கிட்டார்கள். சம்பளம் எடுத்த அன்றே அரிசிக்கு இவ்வளவு, பிள்ளையின் கொப்பிக்கு இவ்வளவு என்று கட்டிவைக்கும் இல்லத்தரசியின் முறை அது.

அதற்கு கால் நூற்றாண்டுக்கு முன்னரே இன்னொருவர் வேறுவிதமாகக் கணக்குப் போட்டார். 1983 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தார் மெக்கின்டொஷ் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, ஸ்டீவ் ஜொப்ஸ், லரி கெனியன் என்ற பொறியியலாளரிடம் சென்று, அது விழிக்கும் நேரத்தில் பத்து விநாடியைக் குறைக்கும்படி வற்புறுத்தினாராம். உடன் பணியாற்றிய அன்டி ஹேட்ஸ்ஃபெல்ட் இதனை எழுதிவைத்திருக்கிறார். நாளொன்றுக்கு 50 இலட்சம் பேர் இதனைப் பயன்படுத்துவார்களானால், ஆளுக்குப் பத்து விநாடி வீதம் ஓராண்டில் பல டசின் மனித ஆயுட்காலங்கள் மிஞ்சும் என்பது ஜொப்ஸின் வாதம். நானும் கடதாசியும் பென்சிலும் எடுத்துப் பார்த்தேன். நாளுக்கு 5 கோடி விநாடி. ஆண்டுக்கு 1825 கோடி விநாடி. அது ஏறத்தாழ 579 ஆண்டுகள். எழுபது வயதை ஓர் ஆயுளாகக் கொண்டால் எட்டு ஆயுளே வருகிறது. டசின் கணக்கில் இல்லை. வியாபாரியின் வாயில் எட்டு, டசின்களாவது புதிதன்று. ஆனாலும் எட்டு ஆயுள் அற்பமா? அவர்கள் உழைத்துப் பத்து விநாடிக்கு மேலாகவே குறைத்தார்களாம்.

விண்டோஸ் கணினி வைத்திருப்போர் அறியவேண்டிய ஒரு புதுமை உண்டு. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, நாம் கணினியை நிறுத்தும்போது அது முழுவதும் நின்றுவிடுவதில்லை. கருவின் நிலையை அப்படியே வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது. மறுநாள் அதை எடுத்து விரித்துக்கொள்கிறது. 'ஃபாஸ்ட் ஸ்டாட்டப்', அதாவது விரைவுத் தொடக்கம் என்று இதற்குப் பெயர். பழைய வன்தட்டு உள்ளோருக்கு இது நன்மையே. ஆனால் இதனால் ஒரு விந்தை விளைகிறது: நேற்றைய குழப்பமும் சேர்ந்தே எழுதி வைக்கப்படலாம். நிறுத்தி மீண்டும் போட்டும் சரிவராத கோளாறு, 'றீஸ்டாட்' என்ற கட்டளையைக் கொடுத்தால் சரியாவது இதனாலேதான். றீஸ்டாட்டில் மட்டுமே கணினி எல்லாவற்றையும் மறந்து புதிதாக எழுகிறது.

போலி மருந்துகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஒரே சொடுக்கில் கணினியைப் பறக்கவைப்போம் என்று கூறும் இலவச மென்பொருள்கள் பல, தாமே காலையில் எழும் விருந்தினர் பட்டியலில் இன்னொருவராகச் சேர்ந்துகொள்கின்றன. 'ப்ரீஃபெச்' என்ற உறையில் உள்ளவற்றை அழித்தால் வேகம் கூடும் என்று ஒரு கைவைத்தியம் நெடுங்காலமாக உலவுகிறது. 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதற்கொண்டு, தொடங்கும்போது எந்தக் கோப்புகள் வேண்டும் என்று கணினி கவனித்து எழுதிவைக்கும் குறிப்பேடு அது. அதை அழிப்பவர், பரீட்சைக்கு முதல்நாள் பிள்ளையின் குறிப்புக் கொப்பியை எரிப்பவருக்கு ஒப்பானவர். சிதறல்களை ஒழுங்குசெய்யும் 'டிஃப்றாக்' பழைய வன்தட்டுக்கு நல்லது, எஸ்.எஸ்.டி.க்கு அது வேண்டியதில்லை.

அப்பாடசாலைக்குத் திரும்புகிறேன். பழைய மாணவர் சிலர் சேர்ந்து பன்னிரண்டு கணினிகளுக்கும் எஸ்.எஸ்.டி. வாங்கிக் கொடுத்தனர். ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்து மாற்றினோம். மூன்று கணினிகள் ஒவ்வொரு முறையும் இடையில் நின்று, ஒரு விசையை அழுத்தச் சொல்லி அடம்பிடித்தன. அவற்றின் கடிகாரமும் பிழையாக இருந்தது. தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு பற்றரி ஓய்ந்திருந்ததே காரணம். பற்றரியை மாற்றியதும் அடம் நின்றது. அடுத்த வாரம் ஆசிரியை தொலைபேசியில் பேசினார். கணினிகள் அரை நிமிடத்துக்குள் விழித்துவிடுகின்றன என்றும், பிள்ளைகள் அமர்ந்து கொப்பி எடுக்குமுன் திரை வந்துவிடுவதால் அவர்களை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது என்றும் சொன்னார்.

இவ்வளவு சொன்ன நான், நானே செய்த பிழையொன்றையும் சொல்லியாக வேண்டும். மெத்தனம் எப்போதும் மெத்தனம் மட்டுமன்று என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

மட்டக்களப்புப் பகுதியில் எனக்கொரு நண்பர் இருக்கிறார், இளைப்பாறிய ஆசிரியர். கூத்துப் பிரதிகளை அண்ணாவிமாரின் வீடுகளுக்குச் சென்று வாங்கி, பூச்சி அரித்த கொப்பிகளிலிருந்து எழுத்தெண்ணிப் பார்த்துக் கணினியில் ஏற்றிவந்தவர். 2022 ஆம் ஆண்டு, நாட்டில் மின்வெட்டு மிகுந்திருந்த காலம். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கணினி பட்டென்று அணைந்துவிடும். மின்சாரம் வந்ததும் மீண்டும் போடுவார். ஒருநாள் தொலைபேசியில், "தம்பி, கணினி எழும்ப முந்தி இரண்டு நிமிடம், இப்போது ஏழு நிமிடம் எடுக்கிறது" என்றார். நான் சிரித்துவிட்டு, மேலே நான் விவரித்த விருந்தினர் பட்டியலைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக நிறுத்தவைத்தேன். ஐந்து நிமிடமாகக் குறைந்தது. இருவரும் மகிழ்ந்தோம். பத்து நாள் கழித்துப் பதினைந்து நிமிடம் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். வியாழக்கிழமை காலையில் வன்தட்டிலிருந்து டிக், டிக் என்று ஓர் ஓசை கேட்டதாம். அதன்பின் அது விழிக்கவேயில்லை.

ஓரிடத்தைப் படிக்க முடியாமல் வட்டு திரும்பத் திரும்ப முயல்வதாலும் தாமதம் உண்டாகும் என்பது எனக்குத் தெரியாததன்று. கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. தாமதம் நெடுநாளாக ஒரே அளவில் இருக்கிறதா, அல்லது நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதே அக்கேள்வி. ஒரே அளவில் இருந்தால் விருந்தினரைத் தேடுங்கள். கூடிக்கொண்டே போனால் வேகத்தைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, அன்றைக்கே உங்கள் கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி செய்யுங்கள். வட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கின்றன. 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருள் அக்குறிப்பைப் படித்துச் சொல்லும். ஆனால் அதைப் பார்ப்பதும் பிரதியெடுத்தபின் செய்யவேண்டிய வேலைதான். எஸ்.எஸ்.டி. மாற்றுவோரும் பழைய வன்தட்டை உடனே வீசிவிடாமல், எல்லாம் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்கும்வரை ஓரிரு மாதம் பெட்டியில் வைத்திருப்பது நல்லது.

நண்பருடைய பிரதிகளுட் பலவற்றுக்கு மூலக் கொப்பிகள் இன்னும் உள்ளன. இரண்டுக்கு இல்லை, கொப்பி வைத்திருந்த அண்ணாவியார் காலமானபின், வீட்டார் வீடு திருத்தும்போது பழங்கடதாசிகளை எரித்துவிட்டனர். நண்பர் என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. இப்போது புதிய கணினி வாங்கி, பேத்தி கொப்பியைப் பார்த்து வாசிக்க, மீண்டும் முதலிலிருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு மாலையும் எழுதியதை இரண்டு இடங்களில் பிரதி செய்கிறார். சென்ற மாதம் போயிருந்தேன். பொத்தானை அழுத்திவிட்டு, பழைய வழக்கப்படி வெற்றிலைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் காம்பு கிள்ளி முடிக்குமுன்னரே கணினி விழித்து, கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றது.